ஆறு மணி நேரம் நின்றால் தலைப்புச் செய்தி, மூன்று நாள் நின்றால் ஒரு வரிகூட இல்லை: ஏன்?

நீங்கள் கேட்டது இது: "ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம் நின்றபோது உலகத்தில் எல்லாப் பத்திரிகையும் எழுதின. எங்கள் அலுவலகம் முழுக்க நம்பியிருக்கும் கணக்கு மென்பொருள் மூன்று நாள் நின்றது, யாரும் ஒரு வரி எழுதவில்லை. மீடியா சில கம்பெனிகளை மட்டும் துரத்துகிறதா, மற்றவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறதா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது காசு பற்றிய கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு முடக்கம் எவ்வளவு பெரிய செய்தியாகும் என்பதை எது தீர்மானிக்கிறது? அந்த அளவுகோல் மக்கள் பட்ட பாதிப்போடு ஒத்துப்போகிறதா? இந்த இரண்டாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். காசு விஷயத்தில் ஓரளவுதான்.

எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக என் வேலை, சர்வர்கள் நிற்காமல் பார்த்துக்கொள்வது, நின்றால் எழுப்புவது. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க டேட்டா சென்டர்களை இரவு ஷிஃப்டில் கவனிப்பதில் தொடங்கினேன். பிறகு ஆறு வருடம், ஒரு கம்பெனியில் முடக்கம் வரும்போது வெளியே என்ன சொல்வது என்று முடிவு செய்யும் சின்னக் குழுவில் இருந்தேன். பத்திரிகை அலுவலகத்துக்குள் வேலை பார்த்ததில்லை. ஆகவே கம்பெனி பக்கம் நடப்பதை நேரில் கண்டதாகவும், செய்தி ஆசிரியர் பக்கம் நடப்பதை வெளியிலிருந்து ஊகித்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியின் அளவும் பாதிப்பின் அளவும் ஒன்றாகப் போவதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 ஏப்ரல் 5 அன்று, அலுவலக வேலைகளை நிர்வகிக்கும் மென்பொருள் விற்கும் அட்லாசியன் கம்பெனியில் ஒரு பழைய செயலியை நீக்குவதற்காக ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினார்கள். அதற்குக் கொடுத்த அடையாள எண்கள் தவறானவை. செயலியின் எண்களுக்குப் பதில் வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களின் எண்கள் போய்விட்டன. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. வேலைப் பட்டியல், ஆவணங்கள், வாடிக்கையாளர் புகார்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க 14 நாள் ஆனது. தொழில்நுட்பத் தளங்களும் எங்களைப் போன்ற ஆட்களும் இதைப் பேசித் தீர்த்தோம். பொதுப் பத்திரிகையில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு ஒன்று நீக்கப்பட்டது. அமைக்கும்போது நிரப்பாமல் விட்ட ஒரு இடம்தான் காரணம். அது காலியாக இருந்ததால் ஒரு வருடத்துக்குப் பிறகு தானாகவே அழியும்படி ஆகியிருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு கம்பெனியிடம் பேக்கப் வைத்திருந்ததால் பிழைத்தார்கள். ஓய்வூதியப் பணம் சம்பந்தப்பட்ட இவ்வளவு பெரிய விஷயம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சொல்வதால் ஃபேஸ்புக் முடக்கத்துக்குக் கிடைத்த கவனம் அதிகம் என்று சொல்ல வரவில்லை. 2021 அக்டோபர் 4, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி விடிகாலை வரை நீடித்தது அது. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்ஒர்க்கையே அறுத்துவிட்டது. அப்படி ஒரு கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. டேட்டா சென்டர்களோடு தொடர்பு போனதும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர்கள் தங்களைத் தாங்களே இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. பல நாடுகளில் கடைக்காரர்களும் மருத்துவர்களும் வாட்ஸ்அப்பில்தான் வேலை செய்கிறார்கள். அது முதல் பக்கச் செய்திதான். ஆனால் அது முதல் பக்கத்துக்குப் போனதற்கு பாதிப்பு மட்டுமே காரணம் இல்லை என்று நினைக்கிறேன். முந்தைய நாள்தான், ஃபேஸ்புக்கில் வேலை பார்த்திருந்த ஃப்ரான்ஸஸ் ஹாகன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன் முகத்தைக் காட்டி, ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியிட்டது தான்தான் என்று சொல்லியிருந்தார். பத்திரிகைகளிடம் அந்தக் கம்பெனியைப் பற்றிய கதை ஏற்கெனவே பாதி எழுதி இருந்தது. முடக்கம் அதில் போய் ஒட்டிக்கொண்டது. தேதிகள் நிச்சயம், ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

எழுதுகிறவர் கண்ணெதிரே நடந்தால் செய்தி பெரிதாகும் என்பதற்கு ஃபாஸ்ட்லி விவகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2021 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி மதியம் மூன்றேகால் மணி. ஃபாஸ்ட்லி என்பது இணையப் பக்கங்களின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து, கேட்பவருக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பெனி. பொதுமக்களில் நூறு பேரில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். மே மாதம் அவர்கள் வெளியிட்ட மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அன்று ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பில் முறையாகவே செய்த ஒரு மாற்றம் அதைத் தட்டி எழுப்பிவிட்டது. அவர்களுடைய நெட்ஒர்க்கில் 85 சதவீதம் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 49 நிமிடத்துக்குள் 95 சதவீதம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது மிக நல்ல வேகம். ஆனால் அந்த 49 நிமிடத்தில் படுத்துக் கிடந்தவற்றில் கார்டியனும் நியூயார்க் டைம்ஸும் பிபிசியும் இருந்தன. தி வெர்ஜ் தளத்தவர்கள் கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து அதில் செய்தி எழுதிப் பகிர்ந்தார்கள். தன் சொந்தப் பக்கமே திறக்காத நிருபருக்கு அந்தச் செய்தியின் முக்கியத்துவத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே 49 நிமிடம் ஒரு மாநில மின்வாரியத்தின் கட்டணத் தளத்தையோ மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுத் தளத்தையோ நிறுத்தியிருந்தால் உலகச் செய்தியாகியிருக்காது.

நேரமும் இடமும் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் நடு இரவில் வந்து விடிவதற்குள் சரியாகிவிடும் முடக்கங்கள் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்து முடக்கங்கள். அப்படிப்பட்ட பலவற்றை நான் கையாண்டிருக்கிறேன். மும்பையிலும் சிங்கப்பூரிலும் வேலை நாளே கெட்டிருக்கும், ஆனால் செய்தி என்று தேடினால் இரண்டு வரிதான் இருக்கும். பகல் வரை நீண்டால்தான் கதை மாறும். 2025 அக்டோபர் 20 ஞாபகம் இருக்கும், அன்று தீபாவளி. மதியம் பன்னிரண்டேகால் மணிக்கு அமேசானின் வடக்கு வர்ஜீனியா டேட்டா சென்டர்களில் கோளாறு தொடங்கியது. டைனமோடிபி என்ற அவர்களுடைய தரவுத்தளத்தின் டி.என்.எஸ். பதிவை நிர்வகிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில், கடைசியில் அந்தப் பதிவு வெறுமையாகிவிட்டது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, எதிரே எண் இல்லை, அந்த மாதிரி. அதைச் சரிசெய்த பிறகும் அதைச் சார்ந்திருந்த மற்ற சேவைகள் எழுந்து நிற்க நாள் முழுக்க ஆனது. ஆன்-காலில், அதாவது கூப்பிட்டால் உடனே வர வேண்டிய முறையில் இருந்த எங்கள் பையன்கள் புதுச் சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கா கண் விழித்தபோதும் ஸ்னாப்சாட், சிக்னல் போன்றவை தடுமாறிக்கொண்டிருந்ததால் 'பாதி இன்டர்நெட் முடங்கியது' என்று உலகமே எழுதியது. ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, மைக்ரோசாஃப்டின் அஸூரில் ஒரு தவறான அமைப்பு மாற்றத்தால் எட்டு மணி நேரத்துக்கும் மேல் கோளாறு. விமான நிறுவனங்கள் வரை பாதிப்பு. அதற்குக் கிடைத்த இடம் முந்தையதைவிடத் தெளிவாகக் குறைவு. அன்றைக்கே அந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவுகளும் வெளிவந்தன, மறுநாள் வணிகப் பக்கங்கள் அதைப் பேசின. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை என்பதால் சலிப்பு வந்ததா, பங்குச் செய்தி முந்திக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

இனி உங்கள் மூன்று நாள் முடக்கம் செய்தியாகாமல் போனதற்குக் காரணமாக நான் நினைப்பதற்கு வருகிறேன். இது கம்பெனிக்கு உள்ளே நடப்பது. ஸ்டேட்டஸ் பக்கம் என்று ஒன்று இருக்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளோடு. கோளாறு வந்ததும் அது தானாக நிறம் மாறும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரு ஆள் மாற்றினால்தான் மாறும். அந்த ஆள் மாற்றுவதற்கு முன் மூன்று பேரைக் கேட்க வேண்டும். ஓர் இரவு நினைவிருக்கிறது. கோளாறைப் பேசித் தீர்க்க எல்லோரும் சேரும் பிரிட்ஜ் காலில் முப்பது பேர். பொறியாளர்கள் பத்தே நிமிடத்தில் "ஐரோப்பா முழுக்கப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார்கள். நான் "ஐரோப்பாவில் சேவை கிடைக்கவில்லை" என்று தட்டச்சு செய்து வைத்திருந்தேன். வாடிக்கையாளர் உறவு பார்ப்பவர் "கிடைக்கவில்லை" வேண்டாம், "தாமதம்" என்று போடு என்றார். சட்டப் பிரிவிலிருந்து வந்தவர் "ஐரோப்பாவில்" என்பதை எடுத்துவிட்டு "சில பயனர்களுக்கு" என்று மாற்றச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்து மஞ்சள் விளக்கோடு வெளியே போன வாசகம், "சில பயனர்கள் தாமதத்தை உணரலாம்" என்பது. அந்த நாற்பது நிமிடமும் பக்கம் பச்சையாகவே இருந்தது. அந்த வாசகத்தை வெளியே அனுப்பியது என் விரல்தான். இன்றும் அது எனக்கு உறுத்தல்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், ஒப்பந்தத்தில் பணம் இருக்கிறது. மாதத்துக்கு 99.9 சதவீதம் சேவை கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், முப்பது நாளில் 43 நிமிடம்தான் நிற்கலாம். அதற்கு மேல் போனால் வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். 'நின்றது', 'தாமதமானது' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே அந்தப் பணம் இருக்கிறது. நிருபர் முதலில் திறந்து பார்ப்பதும் இந்தப் பக்கத்தைத்தான். "சில பயனர்கள் தாமதத்தை உணரலாம்" என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரிடம் போய் இடம் கேட்பார்? எல்லா நேரமும் இது வேண்டுமென்றே நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, ஒருவர் கட்டளையில் தவறாகக் கொடுத்த ஓர் உள்ளீட்டால் சில மணி நேரம் நின்றபோது, ஸ்டேட்டஸ் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியே எஸ்3-ஐ நம்பியிருந்தது. சுமார் இரண்டு மணி நேரம் அவர்களால் அதை மாற்ற முடியவில்லை. ட்விட்டரில் போய்ச் சொன்னார்கள்.

சரி, கம்பெனி சொல்வதை நம்ப வேண்டாம், மக்கள் புகாரை எண்ணும் டவுன்டிடெக்டர் போன்ற தளங்களைப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பத்திரிகைகளும் அதைத்தான் செய்கின்றன. 'இத்தனை ஆயிரம் பேர் புகார்' என்ற வரி அங்கிருந்து வருவது. அந்த எண் எதை அளக்கிறது என்று யோசியுங்கள். எத்தனை பேருக்குக் கோபம் வந்து, எந்தப் பெயர் அவர்கள் வாயில் வந்தது என்பதை அளக்கிறது. கோளாறு எங்கே என்பதை அளப்பதில்லை. 2020 ஜூன் 15 அன்று அமெரிக்காவில் டி-மொபைல் நெட்ஒர்க் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் தடுமாறியது. டி-மொபைல் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கிடைக்காதவர்கள் வெரைசன், ஏடி அண்டு டி என்ற மற்ற தொலைபேசிக் கம்பெனிகளும் படுத்துவிட்டதாகப் புகார் போட்டார்கள். அந்தக் கம்பெனிகள் தங்கள் நெட்ஒர்க் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தன. அமெரிக்கா மீது பெரிய சைபர் தாக்குதல் என்று அன்று முழுக்க வதந்தி ஓடியது. பிறகு அரசு விசாரித்தபோது, ஓர் ஃபைபர் இணைப்பு அறுந்ததும், அதைச் சமாளிக்க வேண்டிய அமைப்பு சரியாகச் செய்யப்படாததும்தான் தொடக்கம் என்று தெரிந்தது. 911 அவசர எண்ணுக்குப் போன 23,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தாக்குதல் வதந்தி ஓடிய அளவுக்கு இந்த எண் ஓடவில்லை. எனக்கு மனசு கேட்காத விஷயம் இது.

நம் ஊரிலும் இதையே பார்த்தோம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. நான் நின்றிருந்த டீக்கடையில் எனக்கு முன்னால் இருந்தவர் போனை உயர்த்திக் காட்டி "ஜிபே செத்துப் போச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர் "போன்பேயும்தான்" என்றார். கடைக்காரர் சிட்டைத் தாளில் எழுதிக்கொண்டார், பெயரும் பதினைந்து ரூபாயும். கோளாறு ஜிபேயிலும் இல்லை, போன்பேயிலும் இல்லை. எல்லாச் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே இருக்கும் என்.பி.சி.ஐ.யின் அமைப்பில், 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆனது' என்று கேட்கும் விசாரிப்புகள் வங்கிகள் பக்கமிருந்து வெள்ளமாக வந்து நெரிசலாகிவிட்டது. அன்று மாலை வந்த செய்திகளில் பெரும்பாலானவை கோபமான பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்களும் மீம்களும். பிறகு என்.பி.சி.ஐ. அந்த விசாரிப்புகளுக்கு வரம்பு விதித்தது. ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு ஐம்பது முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்ற விதியும் வந்தது. 'பேலன்ஸ் பார்க்கக் கட்டுப்பாடு' என்று அது தனிச் செய்தியாக வந்தது. ஏப்ரலில் டீக்கடையில் நின்றவரையும் ஆகஸ்ட் விதியையும் சேர்த்து வைத்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

பெயர் மாறிப் போவதில் மிகப் பெரியது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஒருவர் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் தொலைக்காட்சிகளில் ஓடியது 'மைக்ரோசாஃப்ட் முடக்கம்'. திரையில் தெரிந்தது விண்டோஸ், ஆகவே அந்தப் பெயர். முந்தைய இரவு மைக்ரோசாஃப்டின் அமெரிக்க டேட்டா சென்டர்களில் வேறொரு கோளாறு உண்மையிலேயே நடந்திருந்ததால் குழப்பம் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் பெயர் பிறகு நன்றாகவே அடிபட்டது. ஆனால் ஒரு தனியார் பாதுகாப்பு மென்பொருள் எதற்காக இயங்குதளத்தின் அடிமட்டம் வரை போக அனுமதிக்கப்பட்டது, அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்காமல் ஏன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள் என்ற கேள்விகள்தான் முக்கியமானவை. அவை தொழில்நுட்பப் பக்கங்களைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. ஒளிக்காமல் சொல்கிறவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்லேப் கம்பெனியில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். எடுத்து வைத்திருந்ததாக நினைத்த பேக்கப்களில் பல வேலை செய்யவில்லை. அவர்கள் மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். கடைசியில் சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைப் பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் கம்பெனியும் அப்படித்தான். 2025 நவம்பர் 18 முடக்கத்தின்போது, முதலில் தாக்குதலோ என்று தாங்களே சந்தேகப்பட்டதிலிருந்து, இரட்டிப்பாக வீங்கிய ஒரு கோப்புதான் காரணம் என்று கண்டுபிடித்தது வரை நிமிடக் கணக்கில் அன்றைக்கே எழுதி வெளியிட்டார்கள். (அன்று டவுன்டிடெக்டரும் கிளவுட்ஃபிளேரை நம்பியிருந்ததால் திறக்கவில்லை.) இந்த அறிக்கைகளால்தான் நிருபருக்கு எழுத விவரம் கிடைக்கிறது, தலைப்புக்கு 'ஒரு தவறான கோப்பு' கிடைக்கிறது. ஒன்றும் சொல்லாத கம்பெனியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கம்பெனிக்குள் மேலதிகாரிகள் இதைக் கவனிக்கிறார்கள். "அவர்கள் எல்லாவற்றையும் எழுதி என்ன லாபம், மூன்று நாள் செய்தியில் அடிபட்டார்கள்" என்று ஒரு கூட்டத்தில் என் காதுபடச் சொன்னார்கள். எங்கள் அறிக்கை அந்த வருடத்திலிருந்து ஒரு பத்தியாகச் சுருங்கியது.

இது எங்கே ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பார்த்தால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரோ கட்டாயப்படுத்திய இடங்களில். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நெட்ஒர்க் விழுந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை, 911 சரியாகக் கிடைக்கவில்லை. நாடாளுமன்றக் குழு அந்த மாதமே கம்பெனித் தலைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. தென்கொரியாவில் 2022 அக்டோபரில் டேட்டா சென்டரில் தீப்பிடித்து, அங்கே வாட்ஸ்அப் மாதிரி எல்லோரும் பயன்படுத்தும் ககாவ்டாக் நின்றபோது நான்காம் நாள் இணைத் தலைவர்களில் ஒருவர் பதவி விலகினார். ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் என்ற தொலைபேசிக் கம்பெனியின் நெட்ஒர்க் நின்றது. பன்னிரண்டாம் நாள் தலைவர் பதவி விலகினார். அவசர எண்ணுக்குப் போகாத 2,145 பேரின் கணக்கு விசாரணையில் வெளியே வந்தது, அபராதமும் வந்தது. நம் நாட்டில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் இணையச் சேவை அவ்வப்போது நின்றதெல்லாம் இரண்டு வருடமாகச் சின்னச் சின்னச் செய்திகள்தான். 2020 டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி, அந்த முடக்கங்களைக் குறிப்பிட்டு, புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் நிறுத்தச் சொன்ன பிறகுதான் அந்த இரண்டு வருடமும் ஒரே கதையாகப் பத்திரிகையில் வந்தது. எழுத ஒரு ஆவணம் இருந்தால் நிருபர் எழுதுகிறார். கிளவுட் கம்பெனிகளுக்கும் உங்கள் கணக்கு மென்பொருள் மாதிரியான சேவைகளுக்கும் பெரும்பாலும் அப்படி ஓர் ஆவணத்தைக் கேட்க ஆள் இல்லை. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனிகள் பெரிய முடக்கங்களை எஃப்.சி.சி. என்ற ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும், ஆனால் அந்த அறிக்கைகளும் 2004 முதல் ரகசியமாகவே வைக்கப்படுகின்றன. கம்பெனி எழுதுகிறது, அரசு படிக்கிறது, அவசர எண் கிடைக்காமல் போனவர் படிக்க முடியாது. இது தவறு என்று திடமாக நினைக்கிறேன்.

கடைசியாகக் காசு. பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் பத்திரிகைகளுக்கு விளம்பரம் தருகின்றன. செய்தி வாசகரைப் போய்ச் சேரும் வழியும் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் ஒரு முடக்கச் செய்தியை யாராவது அமுக்கினார்களா என்றால், என் கண்ணால் பார்த்ததில்லை, நிரூபிக்கவும் முடியாது. விளம்பரம் தரும் கூகுளும் மெட்டாவும் நிறைய அடியும் வாங்குகின்றன என்பது 'விலைக்கு வாங்கிவிட்டார்கள்' என்ற விளக்கத்தோடு பொருந்தவில்லை. கம்பெனியின் பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஆட்களிடம் நல்ல உறவு வேண்டும் என்பதற்காகக் கேள்வியை மென்மையாக்கும் நிருபர்கள் உண்டு. இரண்டு மூன்று பேரைத் தெரியும். அதை வைத்து ஒரு துறையையே சொல்ல மாட்டேன். உங்கள் மூன்று நாள் விஷயத்தில் காசு தேவையே இருந்திருக்காது. பெயர் தெரியாத மென்பொருள், மங்கலான ஸ்டேட்டஸ் வாசகம், புகார் எண்ணும் தளத்தில் அந்தப் பெயரே இல்லாதது, கேட்க ஒரு ஆணையம் இல்லாதது. இவை போதும்.

ஆகவே செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது, நின்றால் என்ன கழிவு என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்டால்தான் தருவார்கள், கேட்பதற்கும் கெடு இருக்கும். மூலக்காரண அறிக்கை, எங்கள் பேச்சில் ஆர்.சி.ஏ., வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் கணக்கில் வராது. எப்போது நின்றது, எந்தப் பக்கம் என்ன பிழை காட்டியது, அந்த நேரத்தில் அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கம் என்ன நிறத்தில் இருந்தது என்பதை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதைத் தொலைக்காதீர்கள். நிருபரிடம் "மூன்று நாள் நின்றது" என்று சொன்னால் அது ஒரு புகார். பதினெட்டு ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் அவர் கம்பெனியிடம் கேட்கக் கேள்வி கிடைக்கிறது. அதே மென்பொருளை நம்பியிருக்கும் இன்னும் நான்கு அலுவலகங்களிடமும் அதே மூன்று நாளின் நேரக்குறிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனியிடமிருந்து அறிக்கை வந்தால், பெயரை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். அதில் எந்த வரி எதை மறைக்கிறது என்று பெரும்பாலும் என்னால் படித்துச் சொல்லிவிட முடியும். அந்த மாதிரி வரிகளை நானும் எழுதியிருக்கிறேன்.